பெட்டித் திரை முதன்முதல் எரிந்த நேரம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

துருசடி

எந்தப் பெட்டி என்று விளக்கப்போவதில்லை. இங்கே பாதிப் பேர் காசு போட்டவர்கள், மீதிப் பேர் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் போனும் கரண்டும் ஒன்றாகப் படுத்த பிறகு வந்த யோசனை: குளக்கட்டில் நிற்கிறவன் கீழே வயலில் நிற்கிறவனுக்கு சிம் இல்லாமல் இரண்டு வரி அனுப்ப ஒரு கைப்பெட்டி. கமக்கார அமைப்பில் ஆளுக்கு ஆயிரம், வெளிநாட்டுப் பொடியள் கொஞ்சம். காசு சேர்ந்து முடிந்தது 2022 தொடக்கத்தில். மார்ச் பிறக்கும்போது 200 இலங்கை ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பத்துப் பெட்டிக்குச் சேர்த்த காசு ஐந்துக்குத்தான் கண்டது.

ஐந்தில் ஒன்றை நாங்களே எரித்தோம். இரண்டில் சிப் கோணலாக இருந்துவிட்டது. நாலாவதுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாவதில் திரை எரிந்தது. பொழுதுபடும் நேரம். கட்டின் அந்தத் தொங்கலில் நின்றவன் கடையில் வாங்கிய ஆயத்த மின்சுற்றுப் பலகையிலிருந்து "வான் திறந்தாச்சு" (வான் என்றால் குளத்தின் மிகைநீர்க் கதவு) என்று அனுப்ப, எங்கள் பெட்டியில் வந்து விழுந்தது. துள்ளினோம், படம் எடுத்தோம்.

பிறகு அதை முதலில் கொடுத்தது, இரண்டாயிரம் போட்ட ஒரு ஐயாவிடம். நெல் விற்ற காசு. சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒருதரம் திருப்பிப் பார்த்தார். அப்படியே காதில் வைத்தார்.

அரை நிமிடம் இருக்கும். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "ஒண்டும் கேக்கேல்லையே தம்பி" என்றார். "ஐயா, இது எழுத்துத்தான் காட்டும்" என்றேன். "ஓ" என்று திருப்பித் தந்துவிட்டு சைக்கிளை எடுத்தார். அன்று எடுத்த படத்தில் ஓரமாக நிற்கிறார். அந்தப் படத்தை எல்லாரும் இன்னும் பகிர்கிறார்கள். எனக்கு அதில் அவர் மட்டும்தான் தெரிகிறார்.

முள்ளியவளை மருமகன்

என்னுடையது உங்கள் பெட்டி இல்லை. அதற்குப் பெரியப்பா முறை. பண்டோரா.

2012, வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு ஜெர்மனியிலிருந்து மாமா வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. மாமா பையிலிருந்து தடித்த மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி ஒன்றை எடுத்துத் திறந்தார். மேலே 4.3 அங்குலத் திரை, கீழே முழு விசைப்பலகை, பெருவிரல்களுக்கு இரண்டு குமிழ். விளையாட்டுப் பெட்டி என்று பாய்ந்தேன். "இது லினக்ஸ் ஓடுற கம்ப்யூட்டரடா" என்றார். 600 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி. இன்றைக்குச் சிரிப்பு வரும்.

கதையும் சொன்னார். கொரியாவில் 2005இல் வந்த ஜிபி2எக்ஸ் என்ற கைக்கருவியை வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் கூடிக் கதைத்து, அடுத்தது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தாங்களே வரைந்தார்களாம். 2008 செப்டெம்பர் 30 அன்று முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள். முதல் பெட்டிகள் வெளியே போனது 2010 மே. சாமானைக் காணாமலே காசு கட்டியவர்களில் மாமாவும் ஒருவர். இரவு அம்மா சோறு போடும்போது திரையை வெறும் வெள்ளையாக்கி வெளிச்சம் பிடித்தார். அத்தனை நாள் காத்திருந்து வாங்கிய கணினி, எங்கள் வீட்டில் குப்பி விளக்கு வேலை பார்த்தது.

எனக்கு உறுத்துவது அதுவும் இல்லை. அடுத்த நாள் கோயில் வீதியில் வைத்து அதை விளையாடியது நான். இடதுபக்கக் குமிழுக்குள் மணல் போனது. ஊதிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மூடி மாமாவின் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கும் வீடியோவில் கதைக்கும்போது "அந்தக் குமிழ் ஏனோ இறுகிப்போச்சு, நல்ல சாமான்" என்கிறார். இதை அவர் வாசிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

பரந்தன் சந்தி

மருமகன், உங்கள் கதையிலேயே பாடம் இருக்கிறது. 2008 செப்டெம்பர் எங்கே, 2010 மே எங்கே? அவர்கள் கையிலும் ஓடுகிற மாதிரிப் பெட்டி முதலிலேயே இருந்தது. ஒன்று ஓடினால் போதுமா? ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி மூடி பொருந்தவேண்டும், விசை அமுங்கவேண்டும், பிளாஸ்டிக் வார்ப்பு அச்சு சரிவரவேண்டும். அதே ஆட்களில் சிலர் பிறகு செய்த பைரா என்ற கைக்கணினியும் அப்படித்தான். 2016இல் முன்பதிவு, சனத்தின் கைக்குப் போகத் தொடங்கியது 2020 முடிவில். துருசடி, ஐந்தில் ஒன்று எரிந்ததை வெற்றி என்று படம் எடுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குறை நினைக்கவேண்டாம்.

என் அனுபவம் ஒரு வரிதான். திருத்தக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பொடியன் இதே மாதிரி ஒரு பலகையும் புதுப் பற்றரியும் கொண்டுவந்து "அண்ணை, கொழுவிப் பாருங்கோ" என்றான். கொழுவினேன். கண்ணுக்கு முன்னால் புகை. அவன் அழவில்லை, "பரவாயில்லை அண்ணை" என்றான். அது அழுததை விட மோசம்.

ஆகவே இனிச் செய்கிறவர்கள் கேளுங்கள். அந்த வெள்ளை இரண்டுமுனைப் பற்றரிக் கொழுவிக்கு எது கூட்டல் எது கழித்தல் என்று உலகத்தில் ஒரு பொது ஒழுங்கு கிடையாது. ஒரு கடைக்காரன் சிவப்பை இடப்பக்கம் வைப்பான், அடுத்தவன் வலப்பக்கம். கொழுவி பொருந்துகிறது என்பதற்காகக் கொழுவாதீர்கள், மல்ரிமீற்றர் வைத்துப் பாருங்கள். லோரா என்பது சிம் இல்லாமல் தூரத்துக்குச் செய்தி கொண்டுபோகும் வானொலி அலை முறை; அன்ரெனா பூட்டாமல் லோரா பலகையை அனுப்ப விடாதீர்கள். போகிற சக்தி போக வழியில்லாமல் திரும்பி வந்து சிப்பைத்தான் கடிக்கும். பழைய லாப்டொப் பற்றரியை உடைத்து 18650 என்ற உருளைப் பற்றரி எடுக்கிறவர்கள், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததை உயிர்ப்பிக்கப் பார்க்கவேண்டாம். தோசைக்கல்லில் வைத்து ஈயம் உருக்கலாம், நானும் செய்கிறேன். ஈயம் கலந்த சோல்டர் 183 பாகையில் உருகும், ஈயமில்லாதது 217க்கு மேல் கேட்கும். ஆனால் அந்தக் கல்லில் பிறகு தோசை சுடக்கூடாது. வீட்டில் சொல்லிவையுங்கள், சொல்லாமல் விட்டால் சுட்டுவிடுவார்கள். பலகைக்கு மேலே ஈரம் படாமல் கியூட்டெக்ஸ் பூசலாம், இணைப்பு முனைகளை விட்டுவிட்டு. பெட்டியில் ஓட்டை இருந்தால் எறும்பு குடியேறும். மாரிக்குப் பல்லி முட்டையும் இருக்கும். அதோடு, இது அலை அனுப்பும் கருவி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி விசயத்தை முதலே பாருங்கள், கடைசியில் பார்க்கிறோம் என்று விடாதீர்கள்.

துருசடி

அண்ணை, நான் கேட்டது அனுபவம். எரித்தது எப்படி என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஒன்றை எரித்தோம் என்று எழுதியிருக்கிறேனே.

குஞ்சுப்பரந்தன்

இது எவ்வளவு முடியும்? எனக்கு இரண்டு வேணும். யானைக்கும் வேலை செய்யுமா?

அச்சுக்கூடத்து அக்கா

யானைக்கு வேலை செய்யாது தம்பி, யானையைக் கண்டவருக்கு வேலை செய்யும்.

துருசடியின் பெட்டியில் தமிழ் வந்ததே, அதற்கு முதல் என்ன வந்தது என்று அவர் எழுதவில்லை. கூச்சமாக்கும். நான் எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்தவள். நிரல் எழுதத் தெரியாது. வரவுசெலவுக் கொப்பி எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொடியள் ஒரு நாள் முகம் தொங்கி இருந்தார்கள். "மேலே" என்று அனுப்பியதை பெட்டி எப்படிக் காட்டியது தெரியுமா? முதலில் ம. அதற்குப் பின்னால் கொம்பு. பிறகு ல. அதற்குப் பின்னால் இன்னொரு கொம்பு, பிடிக்க ஆளில்லாமல். பக்கத்தில் நின்ற என் மகள், இரண்டாம் வகுப்பு, "மலே" என்று வாசித்துவிட்டு, "அம்மா, கடைசியில ஒரு கொம்பு மிச்சம்" என்றாள்.

யூனிகோட்டில் எழுத்து உள்ளே கிடக்கும் ஒழுங்கு அதுதான். முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. போனும் கணினியும் கொம்பைத் தூக்கி முன்னால் வைத்துக் காட்டும். இந்தச் சின்னச் சிப்புக்கு அந்தப் புத்தி கிடையாது, வந்த ஒழுங்கிலேயே கீறிவிடும். பொடியள் இதற்கு ஏதோ பெரிய நிரல் நூலகம் ஏற்றவேண்டும், நினைவகம் காணாது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், பாமினி என்ற பழைய எழுத்துருவில் நாங்கள் கொம்பைத்தானே முதலில் அடிப்போம், அப்படியே மாற்றிவிடுங்கோவன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருவன் மற்றவனைப் பார்த்தான்.

எகர, ஏகார, ஐகாரக் குறி வந்தால் மெய்க்கு முன்னால் தள்ளு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வந்தால் இரண்டாக வெட்டி, கொம்பை முன்னாலும் மிச்சத்தைப் பின்னாலும் வை. உகர ஊகார வரிசைக்கு மட்டும் 18 இரண்டு 36 உருவம் தனித்தனியே கீறவேண்டியிருந்தது. அதை நான் சதுரக் கொப்பியில் பென்சிலால் கீறிக் கொடுத்தேன். ணூ மட்டும் இன்னும் வடிவாக வரவில்லை.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. "வான் திறந்தாச்சு" எண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. யூனிகோட்டில் அது 46 பைட் பிடிக்கும். பாமினி ஒழுங்கில் 15. லோராப் பொதி ஒன்றில் ஆகக்கூட 255 பைட்தான் போகும், அதுவும் தூரம் கூடக்கூட மெதுவாக. எங்களைக் கணினிக்காரர் எல்லாம் "பாமினியை எப்போ விடப்போறியள்" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

பரந்தன் சந்திக்கு: ஒன்று எரிந்தது வெற்றிதான். அந்த ஒன்று இல்லாவிட்டால் கொம்பு பின்னால் நிற்பது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஏ9 பயணி

சுருக்கமாக எழுதுகிறேன். 2019 மே. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீதியெல்லாம் மறுபடி சோதனை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ். என் மடியில் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் எங்கள் கருவி: மண்ணில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கைமீற்றர். கூடப் படித்த பதினொரு பேர் காசு போட்டது. மூடி செய்யக் காசு மிஞ்சவில்லை. ஆகவே பச்சைப் பலகை, பற்றரி, சிவப்பும் கறுப்புமாக வயர், இரண்டு உலோகக் கம்பி. பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த சிப்பாய் ஒரு அடி பின்னால் போனான். எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். மண், தண்ணீர், வயல், படிப்பு. நாலையும் மாறி மாறிச் சொன்னேன். பெரியவர் ஒருவர் வந்தார், போட்டுக் காட்டு என்றார். கை நடுங்கியதில் சுவிட்சைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் எரிந்தது. அந்தச் சிப்பாய் கம்பியை வாங்கித் தன் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டான். திரையில் 100 என்று வந்தது. "ஹரி", சரி என்றான், சிரித்தான், போகச் சொன்னான். ஆய்வுகூடத்துக்கு வெளியே அந்தக் கருவி முதன்முதல் வேலை செய்தது அன்றுதான், அந்தப் போத்தலுக்குள்தான்.

ஆனால் அதற்கு முதல் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். மாங்குளம் வரும்வரை தன் பிள்ளைக்கு என்னைக் காட்டி "மாமாவோட கதை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர். திரும்ப ஏறியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றார். இருக்கை வெறுமையாகவே இருந்தது. நானும் இரு என்று சொல்லவில்லை.

மூடிக்கும் காசு ஒதுக்குங்கள்.

டைனமோ

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் கூடிக் கைக்கருவி செய்வது இப்போதுதான் தொடங்கியது மாதிரி எழுதியிருப்பதைத்தான் கொஞ்சம் திருத்தலாம் என்று வந்தேன்.

90களில் பொருளாதாரத் தடை. பற்றரி தடைப் பட்டியலில். மண்ணெண்ணெயை ஜாம் போத்தலில் பஞ்சில் ஊற்றி விளக்கு எரித்த காலம். வானொலி எல்லார் வீட்டிலும் இருந்தது, உயிர் இல்லாமல். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்தோம். ஒரு வீட்டின் சைக்கிள், ஒரு வீட்டின் டைனமோ, எங்கள் வீட்டுச் சின்ன வானொலி, நாலாவது வீட்டுப் பொடியனின் கால். டைனமோவில் வருவது ஆடலோட்டம் (ஏசி), அப்படியே கொடுத்தால் வானொலி உறுமும். பழைய பலகையொன்றில் கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு நேராக்கினேன். இரட்டைத் தாங்கியில் சைக்கிளை நிறுத்தி மிதிக்க, முதல் நாள் செய்தி கேட்டது. நீங்கள் துள்ளினீர்கள் என்கிறீர்கள், நாங்கள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் செய்தி கேட்காதே.

அதில் ஒரு குறை இருந்தது. மிதி தளர்ந்தால் வானொலி நின்றுவிடும். ஒரு மாலை எறிகணை விழுந்த இடங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு போனார்கள். மிதித்துக்கொண்டிருந்த பொடியனின் அம்மம்மா இருந்த ஊரின் பெயர் வந்தது. அவன் கேட்க வேண்டும் என்று காதைக் கொடுத்தான். கால் நின்றது. வானொலியும் நின்றது. எல்லாரும் ஒன்றாக "மிதியடா" என்று கத்தினோம். நானும் கத்தினேன். அவன் திரும்ப மிதிக்க, கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த கிழமை பெரிய கொண்டென்சர் ஒன்று தேடிப் போட்டேன். மிதி நின்றாலும் இரண்டு மூன்று செக்கன் தாக்குப்பிடித்தது.

துருசடி, அந்த ஐயாவுக்கு என் வயதாக இருக்கும். அவர் பெட்டியைக் காதில் வைத்ததில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

பரந்தன் சந்தி

டைனமோ ஐயா எழுதியதை வாசித்த பிறகு முதல் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முழுதாக இல்லை.

லோராவில் குரல் அனுப்பலாமா என்று இனி யாராவது கேட்பீர்கள், அதற்கு முதல் சொல்லிவிடுகிறேன். ஆக மெதுவான, ஆகத் தூரம் போகும் அமைப்பில் அது நொடிக்கு 300 பிட்டுக்கும் குறைவு. வேகமான அமைப்பில் 5,400 சொச்சம், ஆனால் தூரம் சுருங்கிவிடும். கோடெக்2 என்ற திறந்த நிரல் பேச்சை நொடிக்கு 700 பிட்டாகவும் ஒடுக்கும், அந்த அளவில் ஆள் கிணற்றுக்குள் நின்று கதைப்பது மாதிரி இருக்கும். அதைத் துரத்தவேண்டாம். வயலில் போகிற செய்தி எத்தனை வகை? வான் திறந்தாச்சு, துருசு (குளத்து மடை) பூட்டியாச்சு, யானை வருது, பம் நிண்டுட்டுது, மழை, ஆள் வா. ஒரு பத்துப் பன்னிரண்டு. அவற்றை முன்கூட்டியே ஒருவரின் குரலில் பதிந்து பெட்டிக்குள்ளேயே வையுங்கள். காற்றில் போவது ஒரு எண் மட்டும், ஒரு பைட். அங்கே போய் விழுந்ததும் பெட்டி தன்னிடம் உள்ள குரலைப் பேசும். சின்ன ஒலிபெருக்கியும் அதற்கான சிப்பும் பெரிய செலவில்லை, பழைய விளையாட்டுச் சாமானில் கழற்றியதே போதும். என் கடையில் ஒரு பேணி நிறையக் கிடக்கிறது, வந்து எடுங்கள். காசு வேண்டாம்.

யாருடைய குரல் என்பதை மட்டும் யோசித்துப் பதியுங்கள். இரவு இரண்டு மணிக்கு யானை வருது என்று சொல்லும் குரல்.

அச்சுக்கூடத்து அக்கா

என்னைக் கேட்காதீர்கள். என் குரலுக்கு வீட்டிலேயே ஒருவரும் எழும்புவதில்லை.

துருசடி

பேணியிலிருந்து மூன்று எடுத்தேன், பரந்தன் அண்ணைக்கு நன்றி. முதல் பதிவுக்குக் கோபித்ததை மறந்துவிடுங்கோ.

குரல் இன்னும் பதியவில்லை. அதற்கு முதல் ஒலிபெருக்கி ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கீச்சொலி மட்டும் ஏற்றி, காதில் வைத்த அந்த ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் வயலுக்குப் போயிருந்தார். பேத்தியிடம் கொடுத்து, செய்தி வந்தால் இது சத்தம் போடும், தாத்தாவிடம் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு எங்கள் படலையில் சைக்கிள் மணி. ஐயா. உரப்பையில் சுற்றி, அதற்கு மேலே கயிறும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இரவு முழுக்கக் கத்தினது. நெல்லு மூட்டைக்குள்ள வச்சுப் பாத்தன், அங்கயும் கேட்டுது. யாருக்கோ என்னவோ எண்டு நானும் நித்திரை கொள்ளேல்ல."

பற்றரி இறங்கியிருந்தது. இறங்கினால் நிமிடத்துக்கு ஒருதரம் கீச்சிடும்படி எழுதியதும் நான்தான். அதைச் சொன்னேன். தேத்தண்ணி குடித்தார். போகும்போது பெட்டியைத் திரும்பக் கேட்டார், சார்ஜ் ஏற்றித் தரட்டாம்.

குஞ்சுப்பரந்தன், விலை இன்னும் போடவில்லை.